எட்டு கிலோ ஆட்டை வெட்டாமல் முழுசாகச் சுடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முழு ஆடு சுடுவதில் மசாலா கடைசிக் கவலை. பின்தொடை நாலரை அங்குலத் தடிமன், விலாப் பக்கம் முக்கால் அங்குலம். இரண்டும் ஒரே நெருப்பில், ஒரே நேரத்தில் பதமாக வேண்டும். முதல்முறை செய்பவர்களின் ஆட்டில் விலா கருகிக் கிடக்கும், தொடையில் எலும்பு ஓரம் சிவப்பாகவே இருக்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு சிக்கலுக்காகத்தான். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

ஞாயிறு மதியம் ஒன்றரை மணிப் பந்தி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் நேரம் வேறு என்றால் பந்தி நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

1. எத்தனை பேர், எவ்வளவு ஆடு

தலை, கால், குடல் நீக்கி எட்டு கிலோ வரும் ஆட்டில் எலும்பு போக ஐந்தரையிலிருந்து ஆறு கிலோ கறி நிற்கும். சுட்டதும் அதில் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். மிச்சம் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நெய்ச்சோறும் பக்கத்தில் இரண்டு வகையும் இருந்தால் இருபதிலிருந்து இருபத்தைந்து பேருக்குச் சரியாக இருக்கும். கறி மட்டும்தான் என்றால் பதினைந்து பேர்.

ஐம்பது பேருக்கு வேண்டுமென்று பதினாறு கிலோ கிடாவைத் தேடாதீர்கள். எட்டு கிலோவில் இரண்டு வாங்கி, இரண்டு அடுப்பு போடுங்கள். உள்ளே வெந்து வரும் நேரத்தைத் தீர்மானிப்பது எடையல்ல, தடிமன். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் கிட்டத்தட்ட நாலு மடங்காகும். பெரிய கிடாவின் தொடை வேகும்வரை மற்ற பாகங்கள் தாங்காது.

2. கறிக்கடையில் சொல்ல வேண்டியது

இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வரிசையில் நின்று முழு ஆடு கேட்டால், "சுடறதுக்கா? அப்போ நேத்தே சொல்லியிருக்கணும் சார்" என்ற பதில்தான் வரும். மாநகராட்சி ஆட்டுத்தொட்டியில் அறுத்து முத்திரை குத்திய கறியாக இருக்கட்டும். சென்னையில் புளியந்தோப்பு, சைதாப்பேட்டை, வில்லிவாக்கம் தொட்டிகளிலிருந்து கடைகளுக்கு விடியற்காலையிலேயே வந்துவிடும்.

கேட்க வேண்டியவை: பல் போடாத குட்டி, அதாவது ஒரு வயதுக்கு உட்பட்டது. முடிந்தால் செம்மறி, ஏனென்றால் அதில் கொழுப்பு கூடுதல். நெஞ்செலும்பை மட்டும் நடுவில் பிளந்து, ஆட்டை விரித்துப் படுக்க வைக்கும்படி தரச் சொல்லுங்கள். முதுகெலும்பு வெட்டுப்படக் கூடாது. இதை இரண்டு தடவை சொல்லுங்கள். பழக்க தோஷத்தில் கத்தி இறங்கிவிடும்.

இன்னொன்றையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்: வயிற்றுக்குள் வெள்ளையாக, வலை போலப் படர்ந்திருக்கும் கொழுப்பு. பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். விரித்துப் பிடித்தால் ஒரு கைக்குட்டை அளவுக்கு வரும், மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லியது. முதுகுக் கறி காயாமல் காப்பது அதுதான்.

3. இடமும் அடுப்பும்

மொட்டை மாடி வேண்டாம். இதற்கு 170 செங்கல் வேண்டும். செங்கல் ஒன்று மூன்று கிலோ என்றாலும் அரை டன். அதை ஒரே இடத்தில் குவித்து, மேலே ஆறு மணி நேரம் நெருப்பும் போட்டால் தளம், ஓடு எல்லாம் பழுதாகும். கார் நிறுத்தும் இடமும் வேண்டாம். மேலே கூரை உள்ள இடத்தில் கரிப்புகையின் நச்சுவாயு தேங்கும். மண் தரையுள்ள திறந்த இடம் வேண்டும். தனி வீட்டுப் பின்கட்டு, அல்லது கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) பக்கம் வாடகைக்குக் கிடைக்கும் தோட்ட வீடு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஆட்டை நாலாக வெட்டி, தொடைகளை மட்டும் ஓவனில் வைப்பது மேல். அதற்கும் கீழே உள்ள உப்பு, சூட்டுக் கணக்குகளே பொருந்தும்.

சூளைச் செங்கல் அல்லது சேம்பர் செங்கல் வாங்குங்கள். சாம்பல் கல், ஹாலோ பிளாக் இரண்டும் சிமென்ட் கலந்தவை, சூட்டில் வெடிக்கும். மழையில் நனைந்த செங்கலும் அப்படியே. இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுங்கள்.

உள்ளளவு நாலரை அடிக்கு இரண்டரை அடி. கலவை எதுவும் வேண்டாம், சும்மா மாற்றி மாற்றி அடுக்கினால் போதும். ஆறு வரிசை வந்ததும் குறுக்கே இரண்டு இரும்புக் கம்பி வைத்து, அதன்மேல் ஆட்டுக்கான சட்டம். பிறகு இன்னும் இரண்டு வரிசை. மேலே மூட ஐந்தரைக்கு மூன்றரை அடியில் ஒரு எம்.எஸ். தகடு, அதாவது பூச்சில்லாத சாதா இரும்புத் தகடு. நீளவாக்கின் இரண்டு முனைகளிலும் அடிவரிசையில் இரண்டிரண்டு செங்கல் வைக்காமல் விடுங்கள். கரி போடுவதும் காற்று போவதும் அந்த வாய் வழியாகத்தான்.

சட்டத்தை ஏதாவது கிரில் பட்டறையில் செய்து தருவார்கள். ஆட்டை நடுவில் வைத்து இறுக்க, மூன்றரைக்கு இரண்டேகால் அடியில் இரண்டு சட்டம். ஜிஐ கம்பியோ, ஜிஐ தகடோ கூடவே கூடாது. சூடேறினால் அதன்மேலுள்ள துத்தநாகப் பூச்சு நச்சுப் புகையாகும். சாதா இரும்பையும் கட்டுக்கம்பியையும் ஒருமுறை நெருப்பில் போட்டு, ஒட்டியிருக்கும் எண்ணெய் எரிந்த பிறகு கழுவிப் பயன்படுத்துங்கள்.

முனைகளில் மட்டும் நெருப்பு என்பதற்குக் காரணம் உண்டு. ஆட்டை நீளவாக்கில் படுக்க வைத்தால் பின்தொடை ஒரு முனைக்கும், முன்சப்பை மறு முனைக்கும் வரும். மெல்லிய விலா நடுவில், நெருப்புக்கு எட்டத்தில் கிடக்கும். முதல் பத்தியில் சொன்ன சிக்கலில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

4. சனிக்கிழமை காலை: உப்பும் ஐஸும்

ஆட்டைக் கழுவாதீர்கள், சுத்தத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் உப்பு வழிந்து போகும். 100 கிராம் கல் உப்பைப் பொடித்து, பாதியைத் தொடைகளிலும் சப்பைகளிலும், மீதியை மற்ற இடங்களிலும் தேயுங்கள். உப்பு கறிக்குள் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு நாளில் ஒரு சென்டிமீட்டர் போனால் பெரிது. ஆகவே பின்தொடையில் எலும்பு தட்டும் வரை, பக்கத்துக்கு ஐந்தாறு இடத்தில் கத்தி முனையால் குத்தி, அந்த ஓட்டைக்குள்ளும் உப்பை அழுத்துங்கள். நீளமாகக் கீறாதீர்கள். கீறினால் சுடும்போது வாய் பிளந்து சாறு வடிந்துவிடும்.

இனி அதை வைக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில் நுழையாது. கேட்டரிங்காரர்களிடம் வாடகைக்குக் கிடைக்கும் பெரிய ஐஸ் பெட்டியை எடுத்து, மீன் மார்க்கெட் பக்கம் 20 கிலோ ஐஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டை இரண்டு கனமான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வாயைக் கட்டி, மேலும் கீழும் ஐஸ். உருகிய தண்ணீர் கறியைத் தொடக் கூடாது. உள்ளே 4 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. சாயங்காலம் ஐஸைப் பார்த்து நிரப்புங்கள். சென்னையில் மார்கழி தவிர எந்த மாதமும் ஒரே தடவை போட்ட ஐஸ் விடிய விடியத் தாங்காது.

5. சனிக்கிழமை இரவு: மசாலா

பூண்டு 250 கிராம், இஞ்சி 200, மிளகு 60, காஷ்மீரி மிளகாய்த்தூள் 50, சோம்பு 40, பட்டை, கிராம்பு, ஏலக்காய் சேர்ந்து 25. அரைத்து, தண்ணீர் வடித்த தயிர் அரைக் கிலோ, ஆறு எலுமிச்சைச் சாறு, கால் லிட்டர் கடலை எண்ணெய் விட்டுக் குழையுங்கள். உப்பு சேர்க்காதீர்கள், காலையிலேயே போட்டாயிற்று. பழக்கத்தில் கை உப்பு டப்பாவுக்குப் போகும், டப்பாவை எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள்.

முக்கால்வாசி மசாலாவை உட்புறத்திலும், குத்திய ஓட்டைகளிலும் தடவுங்கள். வெளிப்புறத்துக்கு மெல்லிய பூச்சு போதும். கனமாகப் பூசினால் கறி வேகுமுன் பூண்டு கருகிக் கசக்கும்.

பப்பாளிக்காய் பற்றி நிச்சயம் யாராவது சொல்வார்கள். வேண்டாம். பப்பாளிக்காயின் சத்து 50 முதல் 70 டிகிரி சூட்டில்தான் மும்முரமாக வேலை செய்யும். கபாப் துண்டு அந்தச் சூட்டைச் சில நிமிடத்தில் கடந்துவிடும். முழு ஆட்டின் மேல்கறியோ அதில் மணிக்கணக்கில் கிடக்கும். மேலே கூழ், உள்ளே கட்டி என்றுதான் வரும். குட்டி ஆடு, மெதுவான சூடு இரண்டும் இருந்தால் மிருதுவாக்க வேறொன்றும் தேவையில்லை.

மசாலா தடவியதும் மீண்டும் ஐஸுக்குள்.

6. காலை நாலரை: நெருப்பு

20 கிலோ கரி வாங்கி வையுங்கள், 15 செலவாகும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து வரும் சீமைக் கருவேலங் கரி நின்று எரியும். கொட்டாங்குச்சிக் கரி சட்டென்று சூடேறும், கடைசியில் நிறம் வரவைக்க அது ஒரு கிலோ தனியாக இருக்கட்டும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் வாடை மூடிய அடுப்புக்குள்ளேயே சுற்றும், அதனால் கற்பூரமும் காய்ந்த சுள்ளியும் போதும்.

ஐந்து கிலோ கரியை வெளியே பற்றவைத்து, மேலே வெள்ளைச் சாம்பல் படர்ந்ததும் முனைகளில் தள்ளுங்கள். பின்தொடை வரும் முனைக்கு மூன்று கிலோ, மறுமுனைக்கு இரண்டு. நடுவில், விலாவுக்கு நேர் கீழே, தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டு. கொழுப்பு அதில் சொட்டட்டும். கரியில் சொட்டினால் தீ எழும்பும்.

தகட்டை மூடி முக்கால் மணி நேரம் வெறும் அடுப்பைச் சூடாக்குங்கள். செங்கல் சூடேறாமல் ஆட்டை வைத்தால் முதல் ஒரு மணி நேரச் சூட்டைச் சுவர் குடித்துவிடும். ஆடு படுக்கும் உயரத்தில் 140 முதல் 150 டிகிரி நிலையாக நிற்க வேண்டும். இதற்கு வெப்பமானி கட்டாயம். கம்பி நீட்டிய டிஜிட்டல் வகையில் இரண்டு வேண்டும், ஒன்று அடுப்புக்கு, ஒன்று கறிக்கு. முந்தின நாளே கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர் நம்முடையது, 100 காட்ட வேண்டும். 95 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையைக் காட்டி எண்ணிப் பார்க்கும் வித்தை இவ்வளவு பெரிய கறிக்கு உதவாது.

பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும்.

7. ஐந்தே முக்கால்: அடுப்பில் ஏற்றியபின்

ஐஸிலிருந்து எடுத்ததும் நேராக அடுப்புக்கு. சுடுவதற்கு முன் இரண்டு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்லும் குறிப்புகள் குளிர்நாட்டுக்கானவை. நம் வெக்கையில் மேல்கறி கெடத் தொடங்கும், தொடையின் உள்பக்கமோ அப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும்.

இரண்டு சட்டத்துக்கும் நடுவே ஆட்டை விரித்து, எட்டு இடத்தில் கட்டுங்கள். முதுகுக் கறிமேல் அந்த வலைக் கொழுப்பைப் போர்த்துங்கள். எலும்புப் பக்கம் கீழே, வெளிப்புறம் மேலே. கீழிருந்து வரும் சூட்டை எலும்பு வாங்கிக்கொள்ளும். வெப்பமானிக் கம்பியைப் பின்தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் இறக்குங்கள். எலும்பில் முட்டினால் அளவு தப்பாகக் காட்டும். அரை அங்குலம் பின்னிழுங்கள்.

மூடுங்கள். இனி முக்கால் மணிக்கு ஒருமுறை, முனைக்கு அரை முதல் முக்கால் கிலோ கரி, அதுவும் வெளியே பற்றவைத்த கரி. கறுப்புக் கரியை அப்படியே போட்டால் சூடு இறங்கும், புகையும் கசக்கும். தகட்டைத் திறந்து பார்க்கும் ஆசைதான் இந்த நேரத்தின் பெரிய எதிரி. வந்தவர்கள் ஒவ்வொருவரும் "ஒரே ஒரு தடவை காட்டேன் மச்சான்" என்பார்கள். ஒவ்வொரு திறப்புக்கும் பத்து நிமிடம் பின்னால் போகிறோம்.

எட்டரைக்கு மேல் தொடைக்குள் 65 டிகிரியைத் தாண்டும். அங்கே அளவு நின்றுவிடும். அரை மணி ஆகும், ஒரு மணி ஆகும், நகராது. 68, 68, 69, மறுபடியும் 68. கெட்டுப்போனது எதுவும் இல்லை. கறியின் ஈரம் வியர்த்து ஆவியாகிறது, நாம் கொடுக்கும் சூட்டை அந்த ஆவியே எடுத்துப் போகிறது. புதியவர்கள் இந்த இடத்தில்தான் பதறிப்போய் இரண்டு கிலோ கரியை அள்ளிப் போடுவார்கள். அடுப்பு 200 டிகிரிக்குத் தாவும், சப்பையின் ஓரம் கருகும், தொடை அப்போதும் 70தான்.

செய்ய வேண்டியது வேறு. மேலே நல்ல செந்நிறம் வந்திருந்தால், இருவர் சேர்ந்து சட்டத்தைத் தூக்கி வெளியே வையுங்கள். தணலில் வாட்டிய வாழையிலையை இரண்டு அடுக்காக ஆட்டைச் சுற்றி வைத்து, அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றி இறுக்குங்கள். மூடுமுன் விலா ஓரமாக அரை லிட்டர் சுடுதண்ணீரோ எலும்புச் சாறோ ஊற்றுங்கள். இலை வாசனைக்கு மட்டுமல்ல. தயிரும் எலுமிச்சையும் அலுமினியத்தைத் தொட்டால் உலோகச் சுவை ஏறும், இலை நடுவில் நின்று தடுக்கும். ஆவி வெளியேற வழியில்லாததால் அளவு மறுபடி ஏறத் தொடங்கும்.

63 டிகிரி தாண்டிச் சில நிமிடம் நின்றாலே கறி பாதுகாப்பானதுதான். ஆனால் மெல்ல முடியாது. ஜவ்வு கரைந்து பசையாவது 70க்கு மேல்தான் தொடங்கும், தொடையும் சப்பையும் இளகுவதற்கு 88 முதல் 92 வரை போக வேண்டும். அந்த அளவு காட்டியதும் ஒரு மெல்லிய கம்பியால் நாலு இடத்தில் குத்துங்கள். தடையில்லாமல் இறங்க வேண்டும். ஒரு பக்கத் தொடை மட்டும் இறுக்கமாக இருந்தால் அந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று அர்த்தம். சட்டத்தை அப்படியே முனை மாற்றாமல், அந்த மூலையில் கொஞ்சம் கரி கூட்டுங்கள். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று கிழக்கிலிருந்து எழும். அதற்குள் வேலை முடிந்துவிடும் என்பதும் விடியலில் தொடங்கச் சொல்வதற்கு ஒரு காரணம்.

மொத்தம் ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். முன்னே பின்னே முக்கால் மணி ஆகலாம், அதனால்தான் பதினொன்றே காலைக் குறி வைக்கிறோம்.

8. நிறம்

தாளையும் இலையையும் பிரித்து, வடிந்த சாறு முழுவதையும் ஒரு குண்டானில் பிடியுங்கள். தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டு, இரண்டு முனைக் கரியையும் நடுவுக்கு இழுத்து, தனியாக வைத்த கொட்டாங்குச்சிக் கரியைச் சேருங்கள். ஆட்டைக் கவிழ்த்து, வெளிப்புறம் கீழே வரும்படி எட்டு, பத்து நிமிடம். மூடி வேண்டாம், பக்கத்தை விட்டு நகரவும் வேண்டாம். மிச்ச மசாலாவை நெய்யில் குழைத்து இப்போது பூசலாம். விலா கறுக்கத் தொடங்கினால் அங்கே மட்டும் ஒரு இலைத் துண்டைச் சொருகுங்கள்.

9. பந்திவரை வைத்திருப்பது

சுட்டதும் வெட்டினால் சாறு முழுவதும் பலகையில் ஓடும். குறைந்தது முக்கால் மணி ஆற வேண்டும். நேரத்தோடு முடித்ததால் நமக்கு ஒன்றரை மணி இருக்கிறது, அதில் கவலையில்லை. காலையில் காலியான ஐஸ் பெட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, துடைத்துவிட்டு, அடியில் பழைய போர்வையும் அதன்மேல் வாழையிலையும் விரித்து ஆட்டை வையுங்கள். மேலேயும் இலை, போர்வை, மூடி. வெப்பமானி உள்ளேயே இருக்கட்டும். 60 டிகிரிக்குக் கீழே இறங்காதவரை பயமில்லை. இப்படி இரண்டு மணி நேரம் சாதாரணமாகத் தாங்கும்.

ஆடு முன்னதாகத் தயாராகிவிட்டால் காத்திருக்கும். விருந்தாளிகள் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள்.

10. வெட்டுவதும் மிச்சமும்

முதலில் முன்சப்பை. கையைப் பிடித்து லேசாகத் திருப்பினாலே கழன்று வரும். அடுத்து பின்தொடை, நாருக்குக் குறுக்காகப் பென்சில் கனத்தில் சீவல். நாரோடு ஒட்டிச் சீவினால் இவ்வளவு நேரம் சுட்ட கறியும் ரப்பராகும். முதுகுக் கறியை எலும்பை ஒட்டி நீளமாகப் பிரித்துத் துண்டு போடுங்கள். விலாவை இரண்டிரண்டாக. பிடித்து வைத்த சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, கொதிக்க விட்டு, உப்புப் பார்த்து, சீவிய கறிமேல் ஊற்றுங்கள். உப்பு எட்டாத உள்கறிக்கு அதுதான் ருசி கொடுக்கும்.

முழு ஆட்டையும் மேசையில் வைத்துப் படம் எடுப்பது பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. வெயில் 32 டிகிரி தாண்டிய நாளில் சமைத்த கறி வெளியே ஒரு மணி நேரம்தான் இருக்கலாம். பந்தி நடக்கும்போதே மிச்சத்தை எலும்பிலிருந்து பிரித்து, தட்டையான டப்பாக்களில் ஃபிரிட்ஜுக்கு அனுப்புங்கள். குண்டானோடு வைத்தால் நடுப்பகுதி குளிர்வதற்குள் கெட்டுவிடும். எலும்பை அன்றே மிளகு தட்டிப் போட்டு சூப்புக்கு ஏற்றலாம், புகை வாசனையோடு வரும்.

அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள், சூடான செங்கல் தெறிக்கும். தகட்டை மூடி, வாய்களைச் செங்கலால் அடைத்துவிட்டால் காற்றில்லாமல் கரி தானே அடங்கும். மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு ஆகும். சாம்பலை மறுநாள் சாயங்காலம்வரை குப்பைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். மேலே ஆறியது போலத் தெரியும், உள்ளே தணல் இருக்கும்.